யானைமலைக்கும் பாலிதீன் பைக்கும் என்ன உறவு?



மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சிறிது நேரத்தில் ஒரு பெரிய யானை துதிக்கையை நீட்டிப் படுத்திருப்பது போல ஒரு மலை தெரியும். அதுதான் யானைமலை. அதன் காலடியில் இருக்கிறது எங்கள் ஒத்தக்கடை. நீளம் மட்டும் சுமார் 4 கிலோமீட்டர். முழுக்க முழுக்க ஒரே கல்!

பஸ்சை விட்டு இறங்கியதும் இன்னொன்றும் கண்ணில் படும். வேலியில், முள் மரத்தில், சாக்கடை ஓரத்தில் சிக்கிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும் பாலிதீன் பை. ஊதினால் பறந்துவிடும் அந்தப் பைக்கும், அசைக்க முடியாத அந்த மலைக்கும் ஓர் உறவு உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? இரண்டின் அணுக்களையும் பிடித்து வைத்திருப்பது ஒரே வகைப் பிணைப்புதான்!

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குப் பல ஆண்டுகளாக ஆசை. ஆசை என்பதைவிடக் கடன் என்று சொல்ல வேண்டும். ஒரு மாணவனுக்கு நான் பாக்கி வைத்த பதில் இது.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. லட்சுமி என்று பெயர். காலையில் பால் கறந்ததும் அவிழ்த்து விடுவோம். கடைத்தெரு வரை போய் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் தானாக வீடு வந்து சேரும். ஒரு வாரம் அது சரியாகத் தீனி எடுக்கவில்லை. அசை போடவும் இல்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து ஊசி போட்டார். பயன் இல்லை. எட்டாம் நாள் லட்சுமி இறந்துவிட்டது. பிறகு வயிற்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்து ஒரு பெரிய பந்து போல வந்தது. எல்லாம் பாலிதீன் பைகள்! சாம்பார் கட்டிக் கொடுத்த பை, காய்கறி வாங்கிய பை, பால் பாக்கெட். சிலவற்றில் கடைப் பெயரைக்கூடப் படிக்க முடிந்தது.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் "ஐயோ பாவம்" என்றார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் மட்டும் எழுந்து நின்று, "சார், வைக்கோலும் நாரு நாராத்தான இருக்கு. அதைச் செரிக்கிற மாடு இந்தப் பைய மட்டும் ஏன் சார் செரிக்கல?" என்று கேட்டான்.

"அது பிளாஸ்டிக்குடா, அதான்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

அது பதிலா? இல்லை. எனக்கு அன்று பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. அவனும் அதன் பிறகு கேள்வியே கேட்கவில்லை. வீட்டில் இருந்த பழைய வேதியியல் புத்தகங்களை எடுத்துப் புரட்டி, மெல்ல மெல்லப் புரிந்துகொண்டதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

கை கோக்கும் அணுக்கள்

உலகில் உள்ள எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. இது உங்களுக்குத் தெரியும். ஆனால், அணுக்கள் சும்மா குவிந்து கிடப்பதில்லை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இருக்கின்றன. அந்தப் பிடிக்குத்தான் பிணைப்பு என்று பெயர்.

எப்படிப் பிடிக்கின்றன? ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரிடமும் ஆளுக்கு ஒரு கதைப் புத்தகம் இருக்கிறது. ஒருவர் புத்தகத்தை மற்றவருக்குக் கொடுத்துவிட்டால் அது கொடுக்கல் வாங்கல். அப்படிச் செய்யாமல், இரண்டு புத்தகங்களையும் நடுவில் வைத்து, இருவரும் இரண்டையும் படிக்கிறார்கள். இப்போது இருவருக்கும் இரண்டு புத்தகம் கிடைத்த மாதிரிதான்! ஆனால் ஒன்று, யாரும் பெஞ்சை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் புத்தகம் போச்சு!

அணுக்களும் இப்படித்தான். புத்தகத்துக்குப் பதிலாக அவை எலக்ட்ரான்களை நடுவில் வைக்கின்றன. ஒரு அணு ஒன்று, பக்கத்து அணு ஒன்று. ஆக ஒரு ஜோடி எலக்ட்ரான் இருவருக்கும் பொது. இதுதான் சகப்பிணைப்பு. பத்தாம் வகுப்பு அண்ணன், அக்காவைக் கேளுங்கள், பாடத்தில் படித்திருப்பார்கள். இந்த எண்ணத்தை 1916-ஆம் ஆண்டு தெளிவாக எழுதி வெளியிட்டவர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் என்ற அமெரிக்க வேதியியல் அறிஞர்.

கொடுக்கல் வாங்கலும் உண்டு. நம் சமையல் உப்பில் சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. அது வேறு வகைப் பிணைப்பு. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

ஒவ்வொரு அணுவுக்கும் இத்தனை கைகள் என்று கணக்கு உண்டு. ஹைட்ரஜனுக்கு ஒரு கை. ஆக்சிஜனுக்கு இரண்டு. கார்பனுக்கு நான்கு. யானைமலையில் நிறைந்து கிடக்கும் சிலிக்கானுக்கும் நான்கு. இந்தக் கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

சூடம் எங்கே போனது?

பூஜை அறையில் இருந்து ஒரு சின்னச் சூடக் கட்டியை எடுத்து, திறந்த மூடியில் வைத்தால் நாளாக ஆகச் சிறுத்துக்கொண்டே போகும். தண்ணீர் விடவில்லை, பற்ற வைக்கவில்லை, உருகிக்கூட வழியவில்லை. எங்கே போனது?

சூடத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு சின்னக் குடும்பம். 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன், மொத்தம் 27 அணுக்கள். இந்த 27 பேரும் சகப்பிணைப்பால் இறுகக் கை கோத்து இருக்கிறார்கள். ஆனால், ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே அப்படிப்பட்ட பிடிப்பு இல்லை. லேசான ஈர்ப்பு மட்டும்தான். அதனால் கொஞ்சம் வெதுவெதுப்பு கிடைத்ததும் குடும்பம் குடும்பமாகக் கட்டியை விட்டுக் கிளம்பிக் காற்றில் கலந்துவிடுகின்றன. நம் மூக்குக்கு வரும் மணம் அப்படிப் பறந்து வந்த முழு மூலக்கூறுகள்தான். எந்தக் குடும்பமும் உடையவில்லை; வீடு மாறிவிட்டது, அவ்வளவே!

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சகப்பிணைப்பு என்றாலே கெட்டியான பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. பிணைப்பு பலமானதுதான். ஆனால், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் பொருளின் குணம் அமைகிறது. சூடத்தில் 27 அணுக்களோடு முடிந்துவிடுகிறது. தண்ணீரில் 3 அணுக்களோடு முடிந்துவிடுகிறது. முடியாமல் போய்க்கொண்டே இருந்தால்?

ரயில் விளையாட்டு

எத்திலீன் என்று ஒரு வாயு. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். கார்பனுக்கு நான்கு கை என்று சொன்னேன் அல்லவா? இதில் ஒவ்வொரு கார்பனும் இரண்டு கைகளால் இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு, மீதி இரண்டு கைகளால் பக்கத்துக் கார்பனைப் பிடித்திருக்கும். மாம்பழம், வாழைப்பழம் பழுக்கும்போது வெளிவருவதும் இதே வாயுதான்.

இப்போது, கார்பன்கள் இரண்டு கையாலும் பிடித்திருக்கும் பிடியில் ஒரு கையை மட்டும் விட்டுவிட்டு, அந்தக் கையால் வெளியே நிற்கும் அடுத்த ஜோடியைப் பிடித்தால்? அந்த ஜோடி அடுத்த ஜோடியைப் பிடித்தால்? பள்ளி மைதானத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் விளையாடுவீர்களே, அதேதான்! ஆயிரக்கணக்கான பெட்டிகள் கோத்த ஒரு நீண்ட ரயில். இதற்குத்தான் பாலிஎத்திலீன் என்று பெயர். நாம் பாலிதீன் என்கிறோம்.

இதை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1933-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட் என்ற இருவர் மிக அதிக அழுத்தத்தில் எத்திலீனை வைத்து வேறொரு சோதனை செய்தார்கள். நினைத்தது நடக்கவில்லை. பாத்திரத்தைத் திறந்தால் மெழுகு போல வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பாலிதீன்! இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாகப் போட்டார்கள். போர் முடிந்த பிறகு மெல்ல மெல்லக் கடைக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

பாலிதீன் பை என்பது இப்படிப்பட்ட கோடிக்கணக்கான நீளச் சங்கிலிகள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும் குவியல். தட்டில் இருக்கும் இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இழையும் நீளம். ஆனால், இழைக்கும் இழைக்கும் நடுவே பசை இல்லை. அதனால்தான் பை வளைகிறது, மடிகிறது, இழுத்தால் நீள்கிறது. சூடாக்கினால் இழைகள் வழுக்கத் தொடங்குகின்றன, பை இளகிவிடுகிறது. இழைகள் அறுவதில்லை என்பதைக் கவனியுங்கள்! ஆறினால் மறுபடியும் கெட்டியாகிவிடும். பழைய குடத்தை உருக்கிப் புதிய குடம் செய்வது இதனால்தான் முடிகிறது.

குக்கர் கைப்பிடி மட்டும் ஏன் உருகுவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! அங்கே இழைகளையே குறுக்கும் நெடுக்குமாகச் சகப்பிணைப்பால் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பேக்கலைட் என்று பெயர். 1907-ல் லியோ பேக்லேண்டு என்பவர் செய்தது. இடியாப்பம் கூடையாகிவிட்டது. வழுக்க வழியில்லை. மிக அதிகமாகச் சூடாக்கினால் கருகுமே தவிர உருகாது.

வைக்கோலும் பையும்

இப்போது அந்தக் கடைசி பெஞ்சு மாணவனின் கேள்விக்கு வருவோம்.

அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். வைக்கோலும் சங்கிலிதான்! செல்லுலோஸ் என்று பெயர். குளுக்கோஸ் என்ற சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. அதுவும் சகப்பிணைப்புதான். ஆனால், கோத்திருக்கும் விதத்தில் ஒரு வேறுபாடு. ஒரு குளுக்கோசுக்கும் அடுத்த குளுக்கோசுக்கும் நடுவே ஒரு ஆக்சிஜன் அணு இருக்கிறது. ரயில் பெட்டிகளுக்கு நடுவே கொக்கி இருக்குமே, அது மாதிரி.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை மிகப் பெரியது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. உண்மையில் வைக்கோலைச் செரிப்பது மாடு அல்ல, இந்த நுண்ணுயிர்கள்தான்! அவை சுரக்கும் நொதிகள் அந்த ஆக்சிஜன் கொக்கியைத் தேடிப் போய், ஒரு தண்ணீர் மூலக்கூற்றை நடுவில் செருகிக் கழற்றிவிடுகின்றன. பெட்டி பெட்டியாகச் சர்க்கரை கழன்று விழுகிறது. அதை நுண்ணுயிர்கள் உண்டு புளிக்க வைக்க, அதில் கிடைக்கும் சத்து மாட்டுக்குப் போகிறது.

நாம் சாப்பிடும் சோறும் குளுக்கோஸ் சங்கிலிதான் தெரியுமா? ஆனால், அதில் கொக்கி வேறு திசையில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கொக்கியைக் கழற்றும் நொதி நம் எச்சிலிலேயே இருக்கிறது. வைக்கோல் கொக்கியைக் கழற்றும் நொதி நம்மிடம் இல்லை. நெல் ஒன்றுதான். மணி நமக்கு, தாள் மாட்டுக்கு. எல்லாம் ஒரு கொக்கி திரும்பியிருப்பதால் வந்தது!

பாலிதீன் பைக்கு வாருங்கள். அந்த ரயிலில் கொக்கியே கிடையாது. கார்பன், கார்பன், கார்பன், கார்பன். நடுவில் ஆக்சிஜன் இல்லை. தண்ணீரும் அதன் அருகே ஒட்டாது. நொதி எங்கே பிடிக்கும்? எதைக் கழற்றும்? லட்சக்கணக்கான ஆண்டுகளாக இலையையும் தழையையும் தின்று பழகிய அந்த நுண்ணுயிர்களுக்கு, 1933-ல் பிறந்த இந்தச் சங்கிலி முற்றிலும் புதிது. அதனால் பை பையாகவே கிடக்கிறது. அடுத்த பை வந்து சேர்கிறது. அதற்கடுத்தது. கடைசியில் தீனி போக வழியே இல்லாமல் அறை அடைத்துக்கொள்கிறது. வயிறு நிறைந்திருக்க, மாடு பட்டினி கிடக்கிறது.

எங்கள் லட்சுமிக்கு நடந்தது இதுதான் தம்பி. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மண்ணில் புதைத்தாலும் இதே கதைதான். வாழை இலையைக் குப்பைக் குழியில் போட்டால் சில வாரங்களில் மக்கிவிடும். அதற்குப் பக்கத்தில் போட்ட பை அப்படியே இருக்கும். வெயிலில் கிடந்தால் சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர்கள் சங்கிலியை அங்கங்கே அறுத்துவிடும். பை மொரமொரத்துப் பொடிப் பொடியாகும். பொடியானதே தவிர மக்கவில்லை! அந்தப் பொடிகள் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிடுகின்றன.

மலை என்ற ஒரே மூலக்கூறு!

சங்கிலி நீளவாக்கில் மட்டும்தான் போகிறது. மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் என்று எல்லாத் திசையிலும் பிணைப்பு போனால் என்ன ஆகும்?

யானைமலை ஆகும்!

இந்த வகைப் பாறையில் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ மின்னும் மணிகளைப் பார்த்திருப்பீர்கள். அது குவார்ட்ஸ். வயல் வரப்பில் பொறுக்கி விளையாடுவீர்களே வெங்கச்சாங்கல், அதுவும் இதுதான். இதில் ஒவ்வொரு சிலிக்கானும் தன் நான்கு கைகளால் நான்கு ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு ஆக்சிஜனும் தன் இரண்டு கைகளால் இரண்டு சிலிக்கானைப் பிடித்திருக்கிறது. குடும்பம் எங்கே முடிகிறது? முடிவதே இல்லை. ஒரு வெங்கச்சாங்கல் மணி முழுவதும் ஒரே குடும்பம், ஒரே ராட்சத மூலக்கூறு என்று சொல்லலாம். வழுக்க இழை இல்லை. பறந்து போகத் தனிக் குடும்பம் இல்லை. இதை உருக்க வேண்டுமானால் பிணைப்புகளையே அறுக்க வேண்டும். அதற்குச் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்! கத்தியால் கீறினாலும் கல்லில் கோடு விழாது. கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்லில் ஒட்டும்.

மலை முழுவதும் குவார்ட்ஸ் அல்ல. ஃபெல்ஸ்பார் என்ற கனிமமும் நிறைய உண்டு. அதிலும் சிலிக்கான், ஆக்சிஜன் வலைதான். ஆனால், நடுநடுவே பொட்டாசியம், சோடியம் போன்ற விருந்தாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். மழைத் தண்ணீர் பல்லாயிரம் ஆண்டுகள் விடாமல் வந்து அந்த விருந்தாளிகளை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய்விடும். வலை தளர்ந்து களிமண்ணாகிவிடும். குவார்ட்சில் விருந்தாளி இல்லை. அது அப்படியே தங்கும். ஆற்று மணலில் பெரும்பகுதி என்ன என்று நினைக்கிறீர்கள்? பாறை கரைந்த பிறகு மிஞ்சிய குவார்ட்ஸ் மணிகள்தான். வைகையில் ஒரு பிடி மணல் அள்ளினால், எந்தக் காலத்திலோ மலையாக இருந்ததை அள்ளுகிறீர்கள்.

காக்காப்பொன் என்று பிள்ளைகள் சேர்த்து வைப்பார்களே, மின்னும் செதில்கள், அதன் பெயர் மைக்கா. அதில் வலை தட்டையாக, பாய் விரித்த மாதிரி அமைந்திருக்கும். ஒரு பாய்க்குள் பிணைப்பு பலம். பாய்க்கும் பாய்க்கும் நடுவே குறைவு. அதனால்தான் நகத்தால் ஏடு ஏடாக உரிக்க முடிகிறது. உங்கள் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் இப்படித்தான், அது கார்பன் பாய். எழுதும்போது பாய்கள் வழுக்கி வந்து காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அதே கார்பன் எல்லாத் திசையிலும் கை கோத்தால் வைரம். பென்சிலுக்கும் வைரத்துக்கும் அணு ஒன்றே!

மலை கெட்டி என்பதை நம் முன்னோர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். யானைமலையின் மேலே சமண முனிவர்கள் தங்கிய குகையில் தமிழ் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. வயது ஏறக்குறைய 2,000 ஆண்டுகள்! அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில். பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடையத் தொடங்கினார். அவர் மறைந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்தார். இந்தச் செய்தியும், கி.பி. 770 என்ற காலமும் அந்தப் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. உளியால் அந்த எழுத்துகளைச் செதுக்கியவர் ஒவ்வொரு தட்டிலும் எத்தனை கோடிப் பிணைப்புகளை உடைத்திருப்பார் என்று நினைத்தால் எனக்குக் கை வலிக்கிறது. இப்போது சிலர் அதே பாறைகளில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறிவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு என் வகுப்பில் பெஞ்சு மேல்தான் இடம்!

கல்லும் பையும் சேர்ந்தால்...

கல்லும் பையும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்த கதை நம் மதுரையில்தான் நடந்தது. திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ராஜகோபாலன் வாசுதேவன். ஊரெல்லாம் பிளாஸ்டிக் குப்பை என்று எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் வேறு விதமாக யோசித்தார். இதன் குணம் என்ன? சூட்டில் இளகும், ஆறினால் ஒட்டும், தண்ணீர் புகவிடாது. இந்தக் குணம் எங்கே தேவைப்படுகிறது?

மழை பெய்ததும் நம் தார்ச் சாலைகள் குண்டும் குழியுமாகிவிடுகின்றன அல்லவா? ஏன்? ஜல்லிக் கல்லின் மேற்பரப்பில் ஆக்சிஜன் அணுக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் என்றால் மிகவும் பிரியம். தார் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் நிறைந்த பெரிய மூலக்கூறுகள். அதோடு கல்லுக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. மழைத் தண்ணீர் இடுக்கில் புகுந்தால், கல் தாரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். தார் உரியும். லாரி ஏறும். குழி!

வாசுதேவன் செய்தது இதுதான். ஜல்லியைச் சுமார் 170 டிகிரி வரை சூடாக்கினார். சின்னச் சின்னதாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவினார். இழைகள் இளகி, அரை நிமிடத்தில் ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய சட்டை போலப் படிந்துவிட்டது. அதன் பிறகு சூடான தாரை ஊற்றிக் கலந்தார். தாரும் பாலிதீனும் கார்பன், ஹைட்ரஜன் குடும்பம், உறவுக்காரர்கள். நன்றாக ஒட்டிக்கொண்டன. கல்லுக்கோ சட்டை போட்டாயிற்று. தண்ணீர் தொட முடியாது.

2002-ஆம் ஆண்டில் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே முதலில் சாலை போட்டுப் பார்த்தார்கள். 2006-ல் இந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. 2015-ஆம் ஆண்டு நவம்பரில், தார்ச் சாலை போடும்போது கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசே உத்தரவிட்டது. 2018-ல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு வழிச் சாலை 1 கிலோமீட்டர் போடச் சுமார் 1 டன் கழிவுப் பிளாஸ்டிக் போகும் என்று கணக்கு.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஆகாது. பி.வி.சி. குழாயை நறுக்கிப் போட்டால், அதன் சங்கிலியில் குளோரின் தொங்கிக்கொண்டிருக்கிறது; சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சல் தரும் நச்சு வாயுவாக வெளியேறும். அதனால் அதை ஒதுக்கிவிடுவார்கள். வெப்பம் எல்லை மீறிப் போனாலும் சங்கிலியே அறுந்து புகை வரும். தெரு முனையில் குப்பையோடு பிளாஸ்டிக்கைக் கொளுத்துகிறார்களே, அது இதைவிட மோசம். அங்கே நிற்காதீர்கள், நீங்கள் ஒருபோதும் கொளுத்தவும் கூடாது.

சாலை நல்ல வழிதான். ஆனால், பையை எல்லாம் சாலையில் போட்டுவிடலாம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாலைக்குப் போக வேண்டிய பை முதலில் குப்பை வண்டிக்குப் போக வேண்டும். பசுவின் வாய் வண்டியைவிட வேகமாக வந்துவிடுகிறது. சாலை தேயத் தேய அதிலிருந்து நுண்துகள்கள் வெளியேறுமா என்ற கேள்வியையும் அறிவியலாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பாலிதீன் பைகளும் அதில் சேர்த்திதான். ஆனாலும் கடைகளில் அவை இன்னும் தலைகாட்டுகின்றன. வேலியில் படபடக்கவும் செய்கின்றன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தை அரசு தொடங்கியது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு வந்தால் பட்டிக்காட்டான் என்று கேலி செய்வார்கள். நானும் அந்தக் கேலியைக் கேட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பையை உற்றுப் பார்க்கும்போது எனக்குக் கொக்கிதான் தெரிகிறது. பருத்தி நூல் கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். வைக்கோலின் சொந்தக்காரன். குளுக்கோஸ், ஆக்சிஜன், குளுக்கோஸ், ஆக்சிஜன்...

செய்து பாருங்கள்

வீட்டில் கிடக்கும் ஒரு பழைய பாலிதீன் பையை எடுங்கள். அதில் நீளவாக்கில் ஒரு பட்டை, குறுக்கே ஒரு பட்டை, இரண்டையும் ஒரே அகலத்தில் கத்தரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிறகு ஓரத்தில் லேசாகக் கீறிவிட்டுக் கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் கோடு போட்ட மாதிரி நேராகக் கிழியும். மறு திசையில் முரண்டு பிடிக்கும். பை தயாராகும்போது எந்தப் பக்கம் இழுக்கப்பட்டதோ, அந்தப் பக்கமாகச் சங்கிலிகள் பெரும்பாலும் வரிசை கட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இழைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதை உங்கள் கை கண்டுபிடித்துவிடும்! முடிந்ததும் அந்தத் துண்டுகளைத் தெருவில் வீசாதீர்கள். வாசலில் எந்த வீட்டு லட்சுமி நிற்கிறதோ தெரியாது.

இன்னொன்று. இரண்டு பாட்டில் மூடிகளை எடுத்து, ஒன்றில் சிறு சூடக் கட்டியும் இன்னொன்றில் அதே அளவு கல் உப்பும் வையுங்கள். தம்பி, தங்கை கைக்கு எட்டாமல் அலமாரி மேலே வைத்துவிடுங்கள். சூடத்தை வாயில் போடக் கூடாது. தேதியைக் குறித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் இறக்கிப் பாருங்கள். எந்த மூடி முதலில் காலியாகிறது, எத்தனை நாள் ஆகிறது என்று நோட்டில் எழுதுங்கள். உப்புக் கல்லுக்கு ஏன் அப்படி ஆகவில்லை என்று யாராவது கேட்டால், கொடுக்கல் வாங்கல் கதையை நீங்களே சொல்லிப் பாருங்கள். அதிலும் தெரியாதது வந்தால், "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுங்கள்.